கடைசி வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள்: கொங்கு நாட்டு ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கொங்கு நாட்டுக் கிராம ஊராட்சிகளின் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், மன்றம் இல்லாத காலத்தில் பொறுப்பைச் சுமக்கும் தனி அலுவலர்கள், ஊராட்சிச் செயலர்கள், டேங்க் ஆப்பரேட்டர்கள்.

வணக்கமுங்க.

அன்னூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம், பெருந்துறை என்று எந்தப் பக்கம் போனாலும் ஊருக்குள் இரண்டு தண்ணீர் இருக்கிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றிலிருந்து வருவது நல்ல தண்ணி. ஊர் போர்வெல்லில் ஏறுவது உப்புத் தண்ணி. இரண்டையும் டேங்கில் ஏற்றித் தெருவுக்கு விடுவது ஊராட்சியின் வேலை. கிராம சபையில் தண்ணீர்ப் பேச்சு வந்தால், "எத்தனை நாளைக்கு ஒருக்கா உடறீங்க?" என்ற ஒரே கேள்வியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் வந்த தண்ணீர் குடிக்கும்படி இருந்ததா, கடைசி வீடு வரைக்கும் போனதா என்ற இரண்டும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தண்ணீர் விடும் ஒவ்வொரு நாளும், லைன் முடிகிற இடத்தில் இருக்கும் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் எவ்வளவு இருக்கிறது, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து எழுதுங்கள். டேங்கில் எங்கே தப்பு நடந்தாலும், வால்வில் நடந்தாலும், மண்ணுக்குள் புதைந்த பைப்பில் நடந்தாலும் அந்தக் குழாயில் தெரிந்துவிடும். டேங்குக்கு அடியில் இருக்கும் குழாயில் மட்டும் பிடித்துப் பார்த்தால் வழியில் நடக்கும் தப்பு தெரியாது.

முதலில் குளோரினைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். அதிகம் தவறு நடப்பது அங்கேதான்.

30,000 லிட்டர் டேங்குக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று கணக்கு வைத்தால் 60 கிராம் குளோரின் வேண்டும். புது பிளீச்சிங் பவுடரில் குளோரின் 33 சதவீதம் வரை இருக்கும். அப்படியானால் சுமார் 180 கிராம் பவுடர் போதும். மூட்டை பிரித்து நாளாகி 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அதே டேங்குக்கு 300 கிராம் தேவைப்படும். 'ரெண்டு கை அள்ளிப் போடு' என்பதில் இந்தக் கணக்கு நிற்காது. மளிகைக் கடைத் தராசு ஒன்று போதும், இல்லாவிட்டால் அளந்து கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். பவுடர் மூட்டையை மோட்டார் ரூமில் வைக்காதீர்கள். பல ஊர்களில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலேயே வாய் திறந்து கிடக்கிறது. ஈரமும் சூடும் பட்டுப் பவுடர் வீரியம் இழக்கிறது, அதிலிருந்து கிளம்பும் காற்று பேனல் போர்டின் செம்புக் காண்டாக்டுகளை அரிக்கிறது. ஸ்டார்ட்டரின் காயில் (கம்பிச் சுருள்) ஏன் அடிக்கடி போகிறது என்று எலக்ட்ரீசியனைத் திட்டுவதற்கு முன்னால் மூட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, வெயில் படாத, காற்றோட்டமான வேறு அறையில் வையுங்கள். வாங்கிய தேதியை டிரம்மின் மேல் எழுதுங்கள்.

பவுடரை அப்படியே டேங்குக்குள் கொட்டுவது அடுத்த தவறு. பவுடரில் சுண்ணாம்பும் நிறைய இருக்கிறது. கொட்டினால் அது அடியில் போய்ப் படியும், வெளியேறும் பைப்பின் வாயில் கட்டிப்படும். குளோரினும் ஒரே சீராகக் கலக்காது. முதல் தெருவில் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் நெடி அடிக்க, கடைசித் தெருவில் ஒன்றுமே இருக்காது. முதல் தெருக்காரர்கள் சத்தம் போட்டதும் பவுடரைக் குறைப்பார்கள். கடைசித் தெருவின் நிலைமை இன்னும் மோசமாகும்.

சரியான முறைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்காது. பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் கட்டி இல்லாமல் கரைக்க வேண்டும். பிறகு வாளி முக்கால் நிறையும் வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்பு அடியில் தங்கி, மேலே லேசான பச்சை மஞ்சளாகத் தெளிவு நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்றுங்கள். டேங்க் கால்வாசி நிறைந்து, மேலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஊற்றினால் விழுகிற வேகமே கலக்கிவிடும். அடியில் இருக்கும் சுண்ணாம்பைத் திரும்பக் கரைத்து ஊற்ற வேண்டாம். டேங்க் நிறைந்தபின் அரை மணி நேரம் விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கிருமி சாக அந்த நேரம் தேவை. தண்ணீரைத் திறந்துவிட்டு, ஞாபகம் வந்து பாதியில் மருந்து கலக்குவது கலக்காததற்குச் சமம். உலோக வாளியில் கரைக்காதீர்கள். கையுறையும் முகத்துக்குத் துணியும் இல்லாமல் ஆப்பரேட்டரைக் கரைக்கச் சொல்லாதீர்கள்.

பரிசோதனை இன்னும் எளிது. குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி பல ஊராட்சிகளில் பீரோவுக்குள் இருக்கிறது. கடைசிக் குழாயை இரண்டு நிமிடம் ஓட விட்டு, அதன் குப்பியில் கோடு வரை தண்ணீர் பிடித்து, பெட்டியில் எழுதியிருக்கும் அளவுக்குச் சொட்டு விட்டுக் குலுக்கினால் மஞ்சள் நிறம் வரும். பக்கத்தில் இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சொட்டு விட்ட உடனே பார்ப்பது முக்கியம். வைத்து வைத்துப் பார்த்தால் மஞ்சள் ஏறிக்கொண்டே போய், அழுக்கோடு சேர்ந்து வீரியம் குறைந்துபோன குளோரினையும் சேர்த்துக் காட்டும். அந்தச் சொட்டு மருந்து விஷத்தன்மை உள்ளது. கையில் படக் கூடாது, பார்த்து முடித்த தண்ணீரைக் குடிக்கவோ மாட்டுத் தொட்டியில் ஊற்றவோ கூடாது. வெயிலில் கிடந்த பழைய மருந்து நிறம் காட்டாது என்பதால் பாட்டிலின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் குழாயில் ஒன்றும் தெரியாவிட்டால் உடனே பவுடரைக் கூட்ட வேண்டாம். அதே நேரத்தில் டேங்குக்குப் பக்கத்துக் குழாயிலும் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் பவுடர் செத்துவிட்டது அல்லது அளவு போதவில்லை. அங்கே நன்றாக இருந்து கடைசியில் மட்டும் இல்லை என்றால் நடுவில் எங்கேயோ அழுக்குத் தண்ணீர் கலக்கிறது, அந்த அழுக்குதான் குளோரினைத் தின்கிறது. தெருத் தெருவாகப் பிடித்துக்கொண்டே வந்தால் எந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் நிறம் மறைகிறது என்று பிடிபடும். அங்கே தோண்டுங்கள்.

அழுக்கு எப்படி உள்ளே வருகிறது என்று பலருக்கும் சந்தேகம். பைப்பிலிருந்து தண்ணீர் வெளியே கசிவதைத்தானே பார்க்கிறோம்? தண்ணீர் ஓடும்போது கசிவது உண்மை. நிறுத்தியதும் லைன் காலியாகும். மேட்டில் இருக்கும் பைப்பிலிருந்து தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கும்போது பின்னால் காற்றை இழுக்கும். அந்த இழுப்பில், கசிந்த ஓட்டை வழியாகவே சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். வால்வுக் குழியை ஒருமுறை திறந்து பாருங்கள். பாதி இடத்தில் கருப்பாகத் தண்ணீர் நின்று வால்வே மூழ்கியிருக்கும். வீட்டு முன்னால் இரண்டடிக்குக் குழி தோண்டி, அதற்குள் குழாயை இறக்கி வைத்திருப்பதையும் பாருங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் மழைத் தண்ணீரும் அந்தக் குழியில்தான் சேர்கின்றன. குழாயில் டேப் கூட இருக்காது, வெறும் பைப். தண்ணீர் நின்றதும் குழியில் இருப்பதை அந்தப் பைப் உறிஞ்சிவிடும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதல் குடத்தில் யார் வீட்டிலோ அது இறங்கும்.

குழி தோண்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே ஏறாததால்தான் தோண்டினார்கள். லைனில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களால்தான் அவர்களுக்கு ஏறவில்லை. மோட்டார் வைத்தவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் முன்னால் ஒரு காரணம் சொல்வார்கள். எனவே முதலில் அழுத்தத்தைச் சரி செய்து, பிறகு மோட்டாரைப் பிடுங்குங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் ஒரு மாதத்தில் எல்லா மோட்டாரும் திரும்ப வந்துவிடும்.

அழுத்தத்தைச் சரி செய்யப் புதுத் திட்டம் எதுவும் தேவையில்லாமலேயே நிறையச் செய்யலாம். டேங்க் நிறைந்திருக்கும்போது அழுத்தம் அதிகம். பாதி இறங்கியபின் குறையும். பல ஊர்களில் வழக்கமாகப் பக்கத்துத் தெருவை முதலில் திறந்து, கடைக்கோடியைக் கடைசியில் திறக்கிறார்கள். ஏற்கனவே தூரத்தில் இருப்பவர்களுக்கு அழுத்தம் குறைந்த நேரமே கிடைக்கிறது. நடுவில் டேங்க் காலியாகிவிட்டாலும், ஆப்பரேட்டருக்கு வேறு வேலை வந்தாலும் விட்டுப்போவது எப்போதும் அதே தெரு. வரிசையைத் திருப்புங்கள். டேங்க் நிறைந்ததும் மற்ற வால்வுகளை மூடிவிட்டுக் கடைக்கோடியை முதலில் திறங்கள். அதற்குப் பிறகு நடுத்தெரு, கடைசியில் டேங்கடித் தெரு. பக்கத்துத் தெருக்களின் வால்வை முழுக்கத் திறக்காமல் எத்தனை சுற்றுத் திறந்தால் போதும் என்று இரண்டு மூன்று நாள் பார்த்து, வால்வுக் குழியின் மூடியிலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள். ஆப்பரேட்டர் லீவு போட்டாலும் மாற்று ஆளுக்குத் தெரியும்.

அந்தக் கடைக்கோடி எது என்று எல்லோருக்கும் தெரியும். பல ஊர்களில் அது அருந்ததியர் குடியிருப்பு. ஊருக்குள் லைன் போட்டு முடித்தபின் அதே லைனின் நுனியில் ஒரு சின்னப் பைப்பை ஒட்டி நீட்டிய இடம். ஊருக்குள் குடம் ஒரு நிமிடத்தில் நிறையும்போது அங்கே நான்கு நிமிடம் ஆனால் அது எதேச்சையாக நடந்ததில்லை, ஊராட்சி எடுத்த முடிவின் விளைவு. டேங்கிலிருந்து அங்கே தனி லைன் இழுப்பதை முதல் வேலையாகத் தீர்மானத்தில் வையுங்கள்.

ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர்க் குடத்தில் பதினைந்து குடம். ஒரு குடத்துக்கு ஒரு நிமிடம் என்றால் கால் மணி நேரம் விட்டால் போதும். மூன்று நிமிடம் என்றால் முக்கால் மணி நேரம் விட வேண்டும். எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவாக அரை மணி நேரம் விட்டால் ஒரு தெருவில் வாசல் தெளித்தும் மீதி சாக்கடையில் ஓடும், இன்னொரு தெருவில் குடம் வரிசையில் நிற்கும். குடம் நிறையும் நேரத்தை வைத்துத் தெருவுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஐந்து நாளைக்கு ஒருமுறை விடும் ஊரில் அதே வீடு 1,100 லிட்டர் பிடித்து வைக்க வேண்டும். டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி எல்லாம் நிறைந்து நிற்கும். டெங்கு கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். முட்டை தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, தேய்த்துக் கழுவ வேண்டும். புகை மருந்து அடிக்கக் காட்டும் அக்கறையில் பாதியை, தண்ணீர் விடும் நாளை முன்கூட்டியே சொல்வதில் காட்டுங்கள். நாள் நிச்சயம் என்று தெரிந்தால் பயந்து பயந்து பிடித்து வைக்க மாட்டார்கள்.

டேங்க் கழுவுவதை மாதம் இருமுறை செய்ய வேண்டும். தூணில் 'சுத்தம் செய்த நாள்' என்று கட்டம் போட்டு எழுதுகிறோம். சில இடங்களில் தேதியை மட்டும் அழித்து மாற்றி எழுதுவது நடக்கிறது. மேலே ஏறி மூடியைத் திறந்தால் அடியில் விரல் பருமனுக்குச் சேறு இருக்கும். கழுவும்போது அடிவால்வைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடித்து, சுவரை நார் பிரஷ்ஷால் தேய்த்து, சேற்றை வாரி வெளியே எடுத்து, பிளீச்சிங் கரைசலால் கழுவி மறுபடி வடிக்க வேண்டும். ஒரு ஆளைத் தனியாக உள்ளே இறக்காதீர்கள். மூடியை முன்னதாகவே திறந்து காற்றோட்டம் விட்டு, மேலே ஒருவர் நிற்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது பவுடர் கரைசலைக் கொட்டவே கூடாது. அடைத்த இடத்தில் அந்த நெடி மூச்சை அடைத்துவிடும். துருப்பிடித்து ஆடும் ஏணியை மாற்றிவிட்டுப் பிறகு ஆளை ஏறச் சொல்லுங்கள். உடைந்த மூடியும் வலை இல்லாத காற்றுக் குழாயும் இருந்தால் புறாவும் அணிலும் உள்ளே போகும், எத்தனை முறை கழுவினாலும் வீண்.

பைப் உடைப்புக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுவது அன்றைக்கு ஒரு நாள் தாங்கத்தான். அதன் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் ஆறு மாதத்தில் அதுதான் சாக்கடை நுழையும் வாசல். பி.வி.சி. பைப்பை ஈரத்தோடு ஒட்டினால் பசை பிடிக்காது. குழியில் இருக்கும் தண்ணீரை இறைத்து, துடைத்து, ஒட்டி, பசை காய விட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும். வேலை முடிந்ததும் லைனின் நுனியைத் திறந்து மண்தண்ணீர் போகும் வரை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சேறும் கடைசி வீட்டுக்குத்தான்.

உப்புத் தண்ணியைப் பற்றிக் கொஞ்சம். திட்டத் தண்ணீர் குறையும் நாளில் போர் தண்ணீரையும் அதே டேங்கில் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். கலக்க நேர்ந்தால் சொல்லிவிட்டுக் கலந்துவிடுங்கள். வால்வு திறக்கும் முன் ஒரு அறிவிப்பு போதும், சமையலுக்கு வேறு தண்ணீர் வைத்துக்கொள்வார்கள். டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. எண் குறைவாக இருப்பதால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேலும், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கும் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் இரண்டும் போகாது, தண்ணீர் சுண்டுவதால் அடர்த்திதான் கூடும். நைட்ரேட் கூடுவதற்குப் பெரும்பாலும் பக்கத்துக் கழிப்பறைக் குழியும், சாணக் குப்பையும், காட்டுக்கு (விளைநிலத்துக்கு) போடும் உரமும் காரணம். பச்சைக் குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீரில் அது ஆபத்து. போர்வெல்களை மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

குட்டைகளையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரிநீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. ஐம்பது அறுபது வருடமாகக் கேட்ட தண்ணீர். குட்டையில் நிற்பது நிலத்துக்குள் இறங்கிப் பக்கத்து போர்வெல்லுக்கும் போகும். கரையில் கோழிக் கழிவு மூட்டை கிடந்தால் அதுவும் கூடவே இறங்கும். வேலிகளுக்கு நடுவில் போகும் இட்டேரிப் பாதை வழியாக ராத்திரி வண்டி வந்து கொட்டிவிட்டுப் போகும் இடங்கள் ஊராட்சிக்குத் தெரிந்தவைதான். அங்கே ஒரு விளக்கும் ஒரு கேமராவும் வையுங்கள்.

பணம் இல்லை என்ற பதிலை எதிர்பார்த்தே இதைச் சொல்கிறோம். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிவைக்கப்பட்டது. நாங்கள் கேட்கும் தராசு, கையுறை, குளோரோஸ்கோப் மருந்து, வால்வுக் குழிக்கு மூடி எல்லாம் சேர்ந்தாலும் ஒரு தெருவுக்குப் பேவர் பிளாக் போடும் செலவில் சின்னத் துண்டுதான்.

கிராம சபைத் தீர்மானத்தை எழுதும் முறையையும் மாற்றுங்கள். 'மேற்படி பகுதிக்குக் குடிநீர் வசதி செய்து தரத் தீர்மானிக்கப்பட்டது' என்ற வரியைக் கொண்டு எந்தப் பொறியாளராலும் மதிப்பீடு போட முடியாது. எந்த வார்டு, எந்தத் தெரு, எந்த வால்விலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மீட்டர், எத்தனை அங்குலப் பைப், எத்தனை இணைப்பு, இப்போது கடைசிக் குழாயில் குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். அப்படி எழுதிய தீர்மானத்தை ஒன்றிய அலுவலகம் சுலபமாகத் தள்ளிவைக்க முடியாது.

கடைசியாக, டேங்க் ஆப்பரேட்டர்களைப் பற்றி. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் போட்டு, வால்வு வால்வாக ஓடி, ஏச்சும் பேச்சும் வாங்குகிறவர் அவர். இந்த மடலில் இருக்கும் ஒவ்வொரு வேலையும் அவர் தலையில்தான் விழும். எனவே சம்பளத்தை மாதா மாதம் தேதி தவறாமல் கொடுங்கள். டேங்க் கழுவும் நாளில் இரண்டு ஆள் கூடச் சேர்த்துக் கொடுங்கள். குளோரின் பார்க்க அரை நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டும் கொடுங்கள்: தேதி, டேங்க் நிறைந்த நேரம், பவுடர் எத்தனை கிராம், முதல் குழாயில் குளோரின், கடைசிக் குழாயில் குளோரின், கடைசிக் குழாயில் குடம் நிறைந்த நிமிடம். ஆறே கட்டம். குளோரின் இல்லை என்று உண்மையை எழுதியதற்காக அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் மறுநாளிலிருந்து எல்லாக் கட்டத்திலும் 0.2 என்றே இருக்கும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்து வருகிற சபையில் வரவு செலவைப் படிப்பதற்கு முன்னால் அந்த நோட்டைக் கொண்டுவந்து மேசை மேல் வையுங்கள். கடைசி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அதில் எழுதியிருப்பது சரியா என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார், குழாய், தண்ணீர்ப் பரிசோதனை வேலைகளில் இருக்கும் கொங்கு நாட்டுக்காரர்கள்